30 வாட்டா, 67 வாட்டா, 100 வாட்டா? மடிக்கணினி சார்ஜரும் பேட்டரியின் ஆயுளும்

மடிக்கணினியின் சார்ஜர் பழுதாகும் நாளில் பலருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது: பழையதைவிட அதிக வாட் உள்ளதை வாங்கினால் பேட்டரி சீக்கிரம் போய்விடுமா? கண்டிப்பாகக் கெட்டுவிடும் என்று பயமுறுத்தித் தேவைக்கும் குறைவான சார்ஜரைத் தலையில் கட்டும் கடைகள் உண்டு. எதைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி, முத்திரையே இல்லாத பெட்டியை நீட்டும் கடைகளும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட் எண் பேட்டரியைத் தின்பதில்லை. வெப்பமும், நூறு சதவீதத்தில் கிடக்கும் மணிநேரங்களும்தான் தின்கின்றன. அந்த இரண்டோடு வாட் எண்ணுக்கு எவ்வளவு தொடர்பு இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

ஒரே கணினி, மூன்று சார்ஜர்கள்

ஆப்பிள் 2022-இல் வெளியிட்ட எம்2 மேக்புக் ஏர் இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றது. பேட்டரி ஒன்றுதான்: 52.6 வாட்-மணி. அதற்கு மூன்று சார்ஜர்களைத் தயாரித்த நிறுவனமே கொடுத்தது. அடிப்படை மாடலுடன் 30 வாட், அதற்கு மேற்பட்டதுடன் இரண்டு போர்ட் கொண்ட 35 வாட், வேகம் வேண்டும் என்பவர்களுக்கு 67 வாட். 1000 சுழற்சிகள் (பேட்டரியின் முழுக் கொள்ளளவு ஒரு முறை செலவானால் ஒரு சுழற்சி) முடியும்போதும் 80 சதவீதம் வரை கொள்ளளவு மிஞ்சும்படி பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. 30 வாட்டுக்கு இத்தனை, 67 வாட்டுக்கு இத்தனை என்று அந்தக் கணக்கு பிரிக்கப்படவில்லை.

காரணம் எளியது. சார்ஜர் மின்சாரத்தைக் கணினிக்குள் திணிப்பதில்லை, கணினிதான் எடுத்துக்கொள்கிறது. கிணறு பெரிதாக இருப்பதால் வாளி பெரிதாகிவிடாது. யுஎஸ்பி-சி சார்ஜர்களில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவானது. பவர் டெலிவரி முறைப்படி, செருகியதும் சார்ஜர் தன்னிடம் உள்ள அளவுகளை அறிவிக்கிறது: 5, 9, 15, 20 வோல்ட், ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர். கணினி தனக்கு வேண்டியதைக் கேட்கிறது. அந்தப் பேச்சு முடியும்வரை கம்பியில் 5 வோல்ட்டுக்கு மேல் வருவதில்லை. வந்த மின்சாரமும் நேராகப் பேட்டரிக்குப் போகாது. கணினிக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லுதான் எவ்வளவு மின்னோட்டத்தைச் செல்களுக்கு விடலாம், எந்த வோல்ட்டில் நிறுத்தலாம் என்று முடிவு செய்கிறது. அதனால் 67 வாட் ஏற்கும் ஏரில் 140 வாட் சார்ஜரைச் செருகினாலும் அது தன் அளவைத் தாண்டி எடுக்காது.

30 வாட்டும் 67 வாட்டும் நேருக்கு நேர்

வேகத்தில் வித்தியாசம் பெரிது. 67 வாட்டில் அரை மணி நேரத்தில் 50 சதவீதம் வரை ஏறும் என்பது ஆப்பிளின் கணக்கு. அதாவது 26 வாட்-மணி அரை மணியில் உள்ளே போகிறது. சராசரியாக 52 வாட். பேட்டரியின் முழுக் கொள்ளளவை ஒரே மணியில் நிரப்பக்கூடிய வேகம் அது. 30 வாட் சார்ஜரில், திரையை எரியவிட்டு எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருந்தால் கணினியே ஏழெட்டு வாட்டை எடுத்துக்கொள்ளும். பேட்டரிக்கு மிஞ்சுவது இருபதைச் சுற்றித்தான். முழுதாக நிரம்ப மூன்று மணி நேரம் வரை ஆகலாம்.

இந்த வேகம் கடைசிவரை நீடிப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. லித்தியம்-அயன் செல்லை முதலில் நிலையான மின்னோட்டத்தில் நிரப்புவார்கள். செல்லின் வோல்ட் உச்ச அளவைத் தொட்டதும் வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கடைசி இருபது சதவீதத்தில் பெரிய சார்ஜரும் சிறிய சார்ஜரும் கிட்டத்தட்ட ஒரே நிதானத்தில்தான் நடக்கும். ஆகவே 67 வாட்டின் பலன் முழுவதும் பேட்டரி காலியாக இருக்கும் நேரத்தில்தான். ரயில் ஏறுவதற்கு முன் முக்கால் மணி நேரம் மட்டும் கையில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. இரவில் செருகிவிட்டுக் காலையில் எடுப்பவருக்கு அது எதையும் தருவதில்லை.

பேட்டரியின் பக்கம் பார்ப்போம். வேகமாக நிரப்பும்போது செல்லின் உள்தடையில் அதிக வெப்பம் பிறக்கிறது. செல்லின் ஆயுளைக் குறைக்கும் வேதிவினைகள் வெப்பத்தில் வேகமெடுக்கின்றன. எனவே வேகத்துக்கு விலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலை எவ்வளவு என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கிறது. ஏரில் மின்விசிறி கிடையாது. குளிரூட்டிய அறையில் மூடி வைத்து 67 வாட்டில் ஏற்றினால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும். அதையே மெத்தைமேல் வைத்து, வீடியோ எடிட்டிங் ஓடவிட்டு, அதே நேரத்தில் வேகமாகவும் ஏற்றினால், பிராசசரின் சூடும் சார்ஜிங் சூடும் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் சேர்கின்றன. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள அறையில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்து வேலூரிலும் திருத்தணியிலும் மதுரையிலும் மின்விசிறி மட்டும் சுழலும் அறை அந்த எல்லையைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பகலில் வேலை செய்துகொண்டே சார்ஜ் போடுபவருக்கு, அவசரம் இல்லாத நாட்களில் நான் 30 வாட்டைத்தான் சொல்வேன்.

சிறியதற்கும் ஒரு குறை உண்டு. கணினி கேட்பதைவிடச் சார்ஜர் தருவது குறைவாக இருந்தால், மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கத் தொடங்கும். செருகியபடியே சதவீதம் இறங்கும். வேலை குறைந்ததும் மீண்டும் ஏறும். நாள் முழுவதும் இப்படி இறங்கி ஏறினால், மின்னிணைப்பில் இருந்துகொண்டே சுழற்சிகள் செலவாகின்றன. மிதமான வேலையில் ஏருக்கு 30 வாட் தாராளம் என்பதால் இந்தச் சிக்கல் அங்கே அரிது. மற்ற கணினிகளில் அப்படிச் சொல்ல முடியாது.

65 வாட் கணினிக்கு 45, 65, 100

நம் ஊரில் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அதிகம் காணப்படுவது 65 வாட் சார்ஜருடன் வரும் விண்டோஸ் மடிக்கணினி. சாதாரண எழுத்து வேலையில் பத்துப் பன்னிரண்டு வாட். நிரலைத் தொகுக்கும்போதோ வீடியோவை மாற்றும்போதோ நாற்பதைத் தாண்டும்.

45 வாட் சார்ஜர் இதற்குப் பயணத் துணையாகப் போதும். பையில் எடை குறையும், பேட்டரி மெதுவாக ஏறும், ஒரு கெடுதலும் இல்லை. சில கணினிகள் "மெதுவான சார்ஜர்" என்று எச்சரிக்கும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கனமான வேலையில் சதவீதம் ஏறாமல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

100 வாட்டின் நிலை வேறு. கணினி 65-க்கு மேல் எடுக்காது என்பதால் அந்தக் கணினிக்கு மட்டும் வாங்குவது வீண்செலவு. அதன் பயன் பகிர்வில் இருக்கிறது. பல போர்ட் உள்ள சார்ஜர்களில் இரண்டாவது கருவியைச் செருகியதும் வாட் பிரிந்துவிடும். 65 வாட் என்று அச்சிட்ட பெட்டி, கைப்பேசியையும் சேர்த்துச் செருகினால் கணினிக்கு 45 மட்டும் கொடுப்பது வழக்கம். செருகும் கணத்தில் கணினியின் இணைப்பு ஒரு நொடி துண்டித்துத் திரும்புவதும் உண்டு. கணினியும் கைப்பேசியும் ஒரே பெட்டியில் ஏற வேண்டும் என்றால் 100 வாட் நியாயமான தேர்வு. வாங்கும் முன் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பிரிவுக் கணக்கைப் படிக்க வேண்டும். முன்பக்கத்துப் பெரிய எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

கேபிளையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாதாரண யுஎஸ்பி-சி கேபிளின் எல்லை 3 ஆம்பியர். 20 வோல்ட்டில் அது 60 வாட். 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் வேண்டும். அதனால் கைப்பேசிக் கேபிளைப் போட்டால் நல்ல சார்ஜரும் 60-இல் நின்றுவிடும். 5 ஆம்பியர் கேபிளுக்குள் தன்னை அடையாளம் சொல்லும் ஒரு சில்லு இருக்கும். 2021-இல் வந்த புதிய விதிப்படி 48 வோல்ட், 240 வாட் வரை தாங்கும் கேபிள்களும் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்கிவிடலாம்.

கைப்பேசிச் சார்ஜரைக் கணினிக்குப் போடுவது பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெட்டியில் 65 அல்லது 67 வாட் என்று இருந்தாலும், அந்த எண் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கைப்பேசிக்கான தனி முறைக்குரியது. ஒன்பிளஸ் 8டி உடன் வந்த 65 வாட் சார்ஜர் பவர் டெலிவரி முறையில் 45 வாட்தான் தரும். இவற்றில் அது நல்ல ரகம். வேறு சில, கணினியைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

விளையாட்டுக் கணினிகள்

230, 280, 330 வாட் தரும், செங்கல்போல் கனமான சார்ஜர்களோடு வரும் கணினிகளுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பொருந்தாது. யுஎஸ்பி-சி வழியாக 100 வாட் ஏற்கும் மாடல் என்றால் வகுப்பறைக்கும் பயணத்துக்கும் அந்தச் சிறிய சார்ஜரை எடுத்துப் போகலாம். விளையாட்டுக்கு மட்டும் கூடவே கூடாது. கிராபிக்ஸ் சில்லின் வேகம் குறைக்கப்படும், பேட்டரி கடுமையாக இறங்கும், அதுவும் கணினி கொதிக்கும் நேரத்தில். பேட்டரிக்கு இதைவிட மோசமான சேர்க்கை எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய செங்கல், புதிய சிறு பெட்டி, போலி

காலியம் நைட்ரைடு சார்ஜர்கள் சிறியவை என்பதால் பலம் குறைந்தவை என்ற எண்ணம் தவறானது. அந்தப் பொருளால் ஆன டிரான்சிஸ்டர்கள் சிலிக்கானைவிட வேகமாகத் திறந்து மூடும். அதனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாகிறது. பேட்டரிக்கு இரண்டும் ஒன்றே. சிறிய பெட்டியில் வெப்பம் குறைந்த பரப்பில் வெளியேற வேண்டியிருப்பதால் தொட்டால் சூடாக இருக்கும். தலையணைக்கு அடியில் விடாதீர்கள். மூன்று முள் கொண்ட பழைய செங்கலுக்கு ஒரு சாதகம் உண்டு: எர்த் இணைப்பு. இரண்டு முள் சார்ஜரில் உலோகக் கூட்டைத் தடவினால் லேசாக ஜிவ்வென்று உணர்வது அந்த இணைப்பு இல்லாததால்தான்.

வட்ட முனை கொண்ட பழைய சார்ஜர்களில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வோல்ட்டைப் பற்றிய பேச்சுவார்த்தை கிடையாது. 19.5 என்று கணினியில் எழுதியிருந்தால் 19.5 தான், ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. டெல் கணினிகளில் நடு ஊசி வழியாகச் சார்ஜரின் அடையாளம் படிக்கப்படும். அடையாளம் தெரியாவிட்டால் கணினி ஓடும், பேட்டரி ஏறாது, பிராசசரும் மெதுவாகும்.

உண்மையான அபாயம் போலிச் சார்ஜர்தான். 230 வோல்ட் பக்கத்துக்கும் 20 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியையும் காப்பையும் மிச்சப்படுத்தித்தான் அதன் விலை குறைகிறது. வடிகட்டும் பாகங்களும் குறைக்கப்படுவதால், செருகியிருக்கும்போது டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளும். அப்படித் துள்ளினால் அன்றே கழற்றி வையுங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

எதை வாங்கினாலும், மேசையிலேயே செருகிக் கிடக்கும் கணினிக்கு 80 சதவீத வரம்பைப் போட்டுவிடுங்கள். நூறில் நிற்கும் செல் உச்ச வோல்ட்டின் அழுத்தத்தில் இருக்கிறது. சூடும் சேர்ந்தால் கொள்ளளவு வேகமாகக் கரையும், சில கணினிகளில் பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கும். ஆசஸ், லெனோவோ, டெல் கணினிகளில் இதற்கான அமைப்பு அவர்களுடைய செயலியிலோ, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பிலோ இருக்கிறது. லெனோவோ, டெல் இரண்டிலும் வேகச் சார்ஜைத் தனியாக நிறுத்தவும் முடியும் என்பதால், பெரிய சார்ஜரை வாங்கிவிட்டு அவசர நாளில் மட்டும் அந்த வேகத்தைத் திறந்துகொள்ளலாம். 65 வாட் கணினிக்கும் கைப்பேசிக்கும் சேர்த்து இன்று ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னால், 5 ஆம்பியர் கேபிளோடு 100 வாட் பெட்டியைத்தான் நான் சொல்வேன்; எம்2 ஏர் வைத்திருப்பவருக்கு 35 வாட் இரட்டைப் போர்ட்.