வெட்டா, அறுப்பா, மயக்கமா? ஓர் ஆட்டின் கடைசி நொடிகள்

மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பட்டியில் வளர்ந்த கிடாக்கள் முனியப்பனுக்கும் போயிருக்கின்றன, பக்ரீத் குர்பானிக்கும் போயிருக்கின்றன. "எங்கள் முறையில்தான் ஆட்டுக்கு வலி இல்லை" என்று இரு தரப்பும் அடித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதிவிடத் தோன்றியது.

முதலில் எங்கள் கோயில் வெட்டு. கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் நீர் தெளித்து, உத்தரவு கேட்பார்கள். அது உடலைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஒருவர் கயிற்றை முன்னால் இழுக்க, இன்னொருவர் பின்னங்கால்களைப் பிடிக்க, அரிவாள் பிடரியில் இறங்கும். ஒரே வெட்டில் தலை விழுந்தால் தண்டுவடமும் ரத்தக்குழாய்களும் ஒருசேரத் துண்டாகின்றன. சில நொடிகளில் நினைவு அணைந்துவிடும். சரியாக நடந்தால் இதைவிட விரைவாகக் கத்தியால் ஒரு முடிவைத் தர முடியாது.

சரியாக நடக்காததையும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வழக்கமாக வெட்டுபவருக்கு உடம்பு முடியவில்லை என்று உறவுக்காரப் பையன் ஒருவன் அரிவாளை எடுத்தான். முதல் வெட்டு தோளுக்கு மேலே இறங்கியது. கிடா முன்னங்கால் மடங்கி விழுந்து, எழப் பார்த்தது. என் அம்மா முருங்கைத் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடா அது. மூன்றாவது வெட்டில்தான் முடிந்தது. மேளம் நிற்கவே இல்லை.

2003-இல் பழைய 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டிக் கோயில் பலியைத் தடுத்தார்கள். 2004-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. வெட்டலாமா கூடாதா என்று ஊரே பேசியது. யார் வெட்டுவது, எந்த அரிவாளால் வெட்டுவது என்ற பேச்சு என் காதில் விழவில்லை.

ஹலால் அறுப்பில் கத்தி தொண்டைப் பக்கமாகப் போகிறது. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இருபுறத்து ரத்தக்குழாய்கள் அறுபடும். தண்டுவடத்தைத் தொடக் கூடாது. செம்மறிக்கு இதில் நினைவு போக 2 முதல் 20 நொடி ஆகலாம் என்கிறது ஆய்வு. மாட்டுக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டவும் கூடும், ஏனென்றால் மாட்டின் மூளைக்குக் கழுத்தெலும்பு வழியாகவும் ரத்தம் போகிறது. மாட்டைப் பற்றிய கணக்கை ஆட்டின் மேல் ஏற்றி வாதாடுவது தவறு. அதற்காக 20 நொடியைச் சின்னது என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் சராசரியாகப் பார்த்தால் இதில் பிசகு குறைவு என்பது என் கணிப்பு. நாங்கள் ஆடு கொடுக்கும் கறிக்கடை பாய் தினமும் விடியற்காலையில் அறுப்பவர். கத்தியின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஆட்டைத் தொடுவார். கத்தியை ஆட்டின் கண்முன் தீட்டக் கூடாது, ஓர் ஆட்டை இன்னொன்றின் எதிரே அறுக்கக் கூடாது என்பவை அவர் மார்க்கத்திலேயே உள்ள விதிகள். பக்ரீத் அன்று, ஆண்டுக்கு ஒருமுறை கத்தி பிடிக்கிறவர்கள் ஆர்வத்தில் அறுக்க வரும்போது, எங்கள் கோயிலில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது.

மூன்றாவது, மின்சாரத்தால் மயக்கி அறுப்பது. தலையின் இருபுறமும் இடுக்கி வைத்தால் ஆடு நொடியில் நினைவிழக்கும். தெளிவதற்குள் அறுத்துவிட வேண்டும். நியூசிலாந்தில் ஹலால் ஏற்றுமதிக்கே இப்படித்தான் செய்கிறார்கள். அறுக்கும்போது உயிர் இருந்தால் போதும் என்று ஏற்கும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. வலியை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் மயக்கிய பிறகே அறுக்கச் சொல்கின்றன. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ 28-ஆம் பிரிவில் மத முறைக்கு விலக்குத் தருகிறது. நான் ஆடு கொடுத்த எந்தக் கடையிலும் அந்த இடுக்கியைக் கண்டதில்லை.

இந்த மூன்றில் எது என்று சண்டை போடும் நேரத்தில், அதற்கு முந்தைய அரை நாளை மறந்துவிடுகிறோம். கொங்கணாபுரம் சனிச்சந்தையில் வாங்கிய ஆட்டை நாலு காலையும் கட்டி, இருசக்கர வண்டியின் குறுக்கே போட்டுச் சித்திரை வெயிலில் கொண்டு போகிறார்கள். அதைப் பற்றி எந்தத் தரப்பும் பேசக் கேட்டதில்லை. ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை வதைக்கூடத்தில் வெட்டக் கூடாது, மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன 2001-ஆம் ஆண்டு விதிகள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் கிடாக்கள், முன்னால் நிற்பது விழுவதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்கின்றன.

போன ஆடியில் எங்கள் நேர்த்திக்கடன். பழைய வெட்டுக்காரர் வரும்வரை இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டோம். அரிவாளை முந்தின நாளே தீட்டச் சொன்னேன். கிடாவை வெட்டுமிடம் தெரியாதபடி மதிலுக்குப் பின்னால் வேம்பில் கட்டித் தண்ணீர் காட்டினோம். எங்கள் முறை வந்ததும் கயிற்றை நானே பிடித்தேன். மேய்ச்சலுக்கு வருவதுபோலவே என் பின்னால் நடந்து வந்தது.