நுனியிலிருந்து தொடங்குங்கள்: நானே வடிவமைத்த மோதல் பம்பரத்தோடு நெடுநாள் அனுபவம்

பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய மோதல் பம்பரம் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்து, 3டி பிரிண்டரில் அச்சிட்டு, ஓராண்டுக்கும் மேலாக விளையாடி வருகிறேன். புதிதாக இந்த முயற்சியில் இறங்குபவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது மேல் வளையத்தின் படத்தைத்தான். சிறகு, கொம்பு, வாள்முனை என்று எல்லாம் அதில் இருக்கும். கீழே என்ன நுனி என்று கேட்டால், ஏதாவது ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்பார்கள். இவ்வளவு காலம் விளையாடிய பிறகு நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: பம்பரத்தின் குணத்தை நுனி தீர்மானிக்கிறது, ஆயுளை இணைப்பு தீர்மானிக்கிறது. கண்ணைக் கவரும் வளையத்துக்கு மூன்றாவது இடம்தான்.

இந்த விளையாட்டின் வழித்தடத்தைப் பார்த்தாலே இது புரியும். ஜப்பானில் பெய்கோமா என்ற குட்டி இரும்புப் பம்பரங்களை மோதவிட்டு விளையாடிய பிள்ளைகள், அவற்றை அரத்தால் ராவித் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அந்த விளையாட்டை அடியொற்றி டகாரா நிறுவனம் 1999இல் பேபிளேட் என்ற மோதல் பம்பரப் பொம்மையை வெளியிட்டது. 2008இல் வந்த உலோகத் தலைமுறையில், வளையத்துக்கும் நுனிக்கும் இடையிலுள்ள கழுத்தின் உயரமே தனிப் பாகமாகப் பிரிந்தது. பாகத்தின் பெயரில் 105 என்றால் 10.5 மி.மீ., 145 என்றால் 14.5 மி.மீ. 2015இல் வந்த பர்ஸ்ட் தலைமுறையில் மோதலின்போது பம்பரமே பிரிந்து சிதறுவது தோல்விக்கான ஒரு வழியாயிற்று. 2023இல் வந்த பேபிளேட் எக்ஸ், பிளேட் (வளையம்), ராட்செட் (கழுத்து), பிட் (நுனி) என்று மூன்றே பாகங்களில் நின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் வளையத்துக்குக் கீழே இருப்பவற்றில்தான் பெரிய யோசனைகள் நடந்திருக்கின்றன.

என்னுடைய பம்பரத்தில் நான்கு பாகங்கள்: தாக்கு வளையம், எடைத் தட்டு, கழுத்து, நுனி. வளையத்தின் வெளிவிட்டம் 48 மி.மீ. பம்பரத்தைச் சுழற்றிக் களத்தில் விடும் கருவியான லாஞ்சரை நான் வடிவமைக்கவில்லை. கடையில் கிடைக்கும் ஒன்றை வாங்கி, அதன் கொக்கிகளுக்கு ஏற்ற பள்ளங்களை வளையத்தின் மேற்புறத்தில் வைத்தேன். நல்ல லாஞ்சரைச் சொந்தமாகச் செய்வது வேறொரு பெரிய வேலை. பம்பரம் செய்ய நினைப்பவர்கள் அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

நுனிக்கு வருகிறேன். தட்டையான நுனி கொண்ட பம்பரம் களத்தில் ஓடுகிறது. கூரான நுனி கொண்டது நின்ற இடத்தில் சுழல்கிறது. காரணம் எளிது. பம்பரம் சற்றே சாயும்போது தட்டை நுனியின் விளிம்பு மட்டும் தரையைத் தொட்டு, சக்கரம்போல உருளப் பார்க்கிறது. விட்டம் 5 மி.மீ. என்றால், வழுக்காமல் உருளும் பட்சத்தில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 15.7 மி.மீ. முன்னேறலாம். விட்டம் 1 மி.மீ. என்றால் 3 மி.மீ.தான். அந்த ஓட்டம் சும்மா கிடைப்பதில்லை. உராய்வு சுழற்சியைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே அகலமான நுனி சீக்கிரம் தாக்கி சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு மாலைப் பொழுதில் விளையாடித் தெரிந்துகொள்ளலாம். மாதக்கணக்கில் விளையாடினால்தான் தெரிவது தேய்மானம். என் தட்டை நுனி நைலான் தண்டிலிருந்து வெட்டியது. புதிதாக இருந்தபோது அதன் விளிம்பு நகத்தில் பட்டால் தடுக்கும். களத்தில் விட்டவுடன் பூவிதழ் வரைவதுபோல மையத்துக்கும் சுவருக்கும் இடையே வளைந்து வளைந்து ஓடும். நாளாக ஆக, அந்த விளிம்பில் மயிரிழை அகலத்துக்கு ஒரு பளபளப்பான வட்டம் விழுந்தது. பிறகு அது அகன்று விளிம்பே மழுங்கியது. இதழ்களும் சிறுத்துக்கொண்டே வந்தன. ஒரு கட்டத்தில் அது தாக்கும் பம்பரமாக இல்லாமல், மெல்ல நகரும் நடுத்தரப் பம்பரமாக மாறிவிட்டது. வளையம் அதேதான், எடையும் அதேதான். ரப்பர் நுனியில் இது வேறு மாதிரி நடக்கிறது. புதிய ரப்பர் தரையை மிகையாகப் பற்றிக்கொண்டு அடங்காமல் பாயும். ஓரளவு தேய்ந்த பிறகு கைக்கு அடங்குகிறது, என்னளவில் தாக்குதலுக்கு அதுவே சிறந்த நிலை. இன்னும் தேய்ந்தால் அந்த நுனியால் பயனில்லை. எனவே நுனிகளை ஒரே அளவில் பலவாகச் செய்து, வெவ்வேறு தேய்மான நிலைகளில் வைத்திருக்கிறேன். என்னிடம் உள்ள பாகங்களில் அவற்றையே பொக்கிஷமாக நினைக்கிறேன்.

அச்சிட்ட நுனியை அப்படியே பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சின் படலங்கள் தரையில் அரம்போல உராய்கின்றன. துளைக் கருவியில் பொருத்திச் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் ஓரளவு சரியாகும். நீண்ட நேரம் சுழல வேண்டிய பம்பரத்துக்கு சிறு எஃகுக் குண்டைப் பதித்த நுனி அருமையாக இருக்கிறது, ஆனால் களத்தின் நடுவில் தடம் விழும்.

அடுத்து இணைப்பு. மாற்றத்தக்க பாகங்கள் என்று சொல்லும்போதே, பம்பரத்தை வலுவிழக்கச் செய்யும் ஓர் இடத்தை நாமே உண்டாக்குகிறோம். மோதலின்போது வளையம் ஒரு கணம் பின்தங்குகிறது; கழுத்தும் நுனியும் தம் வேகத்தில் முன்னே ஓடப் பார்க்கின்றன. அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது இணைப்பில் உள்ள சின்னஞ்சிறு பற்கள். என்னுடையதில் மூன்று பற்கள் உள்ளன. வலுவாக அடிபட்டால் ஒவ்வொரு படியாகத் தளர்ந்து கடைசியில் பிரிந்துவிடும். இந்தச் சிதறல் வேண்டாம் என்பவர்கள் இணைப்பின் திசையைத் திருப்பி வைத்தால் போதும், ஒவ்வொரு அடியும் அதை இறுக்கும். விளையாட்டின் பரபரப்பில் பாதி போய்விடும் என்பதால் நான் அப்படிச் செய்யவில்லை.

பூட்டும் பாகங்களுக்கு இடையே இடைவெளி 0.2 மி.மீ. வைத்தேன். முதல் நாள் இறுக்கமாக, 'டக்' என்ற ஓசையுடன் பூட்டும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் செய்த பற்கள் பெட்டிக்குள் பூட்டிய நிலையில் சும்மா இருந்தே தளர்ந்துவிடுகின்றன. தொடர்ந்த அழுத்தத்தில் அந்தப் பொருள் மெல்ல இளகிக் கொடுக்கும். 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே மென்மையாகிவிடுவதால் வெயிலில் நிற்கும் காரில் வைப்பதும் ஆகாது. பி.இ.டி.ஜி. என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் செய்த பற்கள் இன்னும் உழைக்கின்றன. அவை உடைவதற்கு முன்பு அறிகுறியும் காட்டுகின்றன: பல்லின் அடியில் வெண்ணிறக் கோடு தோன்றும். அதைக் கண்டவுடன் அந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அச்சிடும் திசையும் முக்கியம். கழுத்தை நிற்கவைத்து அச்சிட்டால் படலங்களுக்கு இடையில் கேரட் ஒடிவதுபோலப் பட்டென்று ஒடியும். படுக்கவைத்து அச்சிட்டால் பரப்பு அவ்வளவு அழகாக வராது, ஆனால் தாங்கும்.

எடைத் தட்டில் 6 மி.மீ. எஃகுக் குண்டுகள் ஆறு. ஒன்று ஏறத்தாழ 0.9 கிராம். மையத்திலிருந்து 12 மி.மீ. தொலைவில் இருந்த குண்டுகளை 20 மி.மீ.க்குத் தள்ளினால், எடையைக் கூட்டாமலே அவற்றின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, 2.8 மடங்கு ஆகிறது. எல்லோரும் உடனே விளிம்புக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் கை அதே பலத்தோடு இழுத்தாலும் தொடக்க வேகம் குறையும். தாக்குதல் ஆட்டத்தில் அந்த முதல் சில விநாடிகள்தான் எல்லாம். தாக்குவதற்கு நடு வரிசை, தாக்குப்பிடிப்பதற்கு வெளி வரிசை என்று இரண்டு வரிசைக் குழிகள் வைத்தது இந்த வடிவமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு. குண்டுகள் மூடியோடு கூடிய குழிகளுக்குள் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக விளிம்பை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் களத்தின்மேல் ஒளி ஊடுருவும் மூடியும் இல்லாமல் நான் ஆட்டம் தொடங்குவதில்லை.

சமநிலையைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மைய அச்சில் மெல்லிய கம்பியைக் கிடைமட்டமாகச் செருகித் தட்டை மெல்லத் திருப்பி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அங்கே எடை கூடுதல். சமநிலை தவறிய பம்பரம் களத்தில் வண்டுபோல ரீங்கரிக்கும். நன்றாகச் சமன் செய்தது ஏறக்குறைய ஓசையே இல்லாமல் சுழலும்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. தாழ்ந்த பம்பரம் எதிராளியின் அடிவயிற்றில் அடிக்கிறது, எளிதில் கவிழாது. ஆனால் ஓயும் நேரத்தில் சாயும்போது அதன் விளிம்பு முதலில் தரையில் உரசிவிடும். 6 மி.மீ., 8 மி.மீ. என்று இரண்டு கழுத்துகள் எனக்குப் போதுமாக இருக்கின்றன.

தாக்கு வளையத்தில் அழகுக்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. என் அனுபவத்தில் மூன்று அகலமான முனைகள் கொண்ட வளையம் பலமாக அடிக்கிறது. வட்டத்துக்கு நெருங்கியது அடியை வழுக்கிவிடுகிறது. மெல்லிய கொம்புகள் முதலில் உடைகின்றன, உடைந்தவுடன் சமநிலையும் போகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேபிளேடின் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் சொந்தமாகச் செய்த பாகங்களுக்கோ மாற்றியமைத்த பாகங்களுக்கோ இடமில்லை. எனவே இது நண்பர்களோடு ஆடுவதற்கானது. அவர்களுக்கும் இதே இணைப்பு அளவுகளைக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒருவர் வளையமும் இன்னொருவர் நுனியும் சேர்ந்து புதுப் பம்பரம் உருவாகிறது. அளவுகளை மாற்றாமல் வைத்திருப்பது சோர்வு தரும் ஒழுங்குதான், ஆனால் இந்தப் பகிர்தல் அதனால்தான் கைகூடுகிறது.

தற்போது இடச்சுழல் வளையம், அதாவது இடப்பக்கமாகச் சுழலும் வளையம், ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே திசையில் சுழலும் இரண்டு பம்பரங்கள் மோதும் இடத்தில் அவற்றின் விளிம்புகள் எதிரெதிராக ஓடுவதால் அடி பலமாக விழுகிறது. எதிர்த்திசைப் பம்பரங்கள் பற்சக்கரங்கள்போல ஒன்றையொன்று தள்ளி, வேகமானதிலிருந்து மெதுவானதற்குச் சுழற்சியைக் கடத்துகின்றன. தளர்ந்துபோன பம்பரம் மீண்டும் உயிர்பெறும் அந்த ஆட்டம் எனக்கு வேண்டும். கணினியில் வளையத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புவது நொடி வேலை. இணைப்பின் பற்களையும் லாஞ்சர் பள்ளங்களையும் சேர்த்தே திருப்ப வேண்டும். இடச்சுழலுக்கான லாஞ்சரும் தனியாக வேண்டும். நுனியை மட்டும் தொட வேண்டியதில்லை, இரண்டு திசைக்கும் அதே நுனிதான்.