ஆசிரியர்–ஆண்டு மேற்கோள்களுக்கு ஸொடேரோ: தருமபுரியிலிருந்து ஒரு மதிப்பீடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களைப் பற்றி ஆய்வேடு எழுதிவரும் எனக்கு, மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் தொகுத்துத் தரும் ஸொடேரோ மென்பொருள் பெருந்துணையாக இருக்கிறது. ஒரு கல்வெட்டின் பழைய வாசிப்பைப் பின்வந்தோர் திருத்தியிருக்கக்கூடும் என்பதால், யார், எந்த ஆண்டில் படித்தார் என்பதை வரியிலேயே காட்டும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் முறை) போன்ற முறைகள் இத்துறைக்கு மிகவும் ஏற்றவை.

2006இல் வெளிவந்த இம்மென்பொருள் இலவசமானது. வேர்டு, லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் இணைந்து இயங்கும். மேற்கோள் சேர்த்தவுடன் துணைநூற்பட்டியலும் தானாகவே வளர்கிறது.

நம் பெயர்களில்தான் கவனம் தேவை. நூலகப் பட்டியல்களில் 'முருகன் க.' என்று தலைப்பெழுத்து பின்னால் வரும் பதிவை அப்படியே இறக்கினால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் '(க., 2015)' என்று அச்சிட்டுவிடும், படிப்பவருக்கு அது யாரென்றே விளங்காது. பெயரின்மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, முன்பின் பெயர்களை இடம் மாற்றினால் '(முருகன், 2015)' என்று சரியாகிவிடும். ஒவ்வொரு பதிவையும் சேர்க்கும்போதே இதைச் சரிபார்ப்பது நல்லது.

ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டு நூல்களைப் பிரித்துக்காட்ட ஆண்டின்பின் ஆங்கில எழுத்துகளையே (2015a, 2015b) இது இடுகிறது. தமிழ் ஆய்வேட்டில் அ, ஆ என வர வேண்டுமானால், இறுதிப்படியில் கையால்தான் மாற்ற வேண்டும். இதை உண்மையான குறையாகவே கருதுகிறேன். இலவச இணையச் சேமிப்பும் 300 எம்பி மட்டுமே என்பதால், வருடிய நூல்களைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.