"சத்திரசிகிச்சை முடிந்த பந்தயக் குதிரை" என்று சொல்லி என்னிடம் ஆறரை இலட்சம் ரூபா பறித்த விதம்

பாவித்த பொருட்களையும் கால்நடைகளையும் விற்க விளம்பரம் போடும் இணையச் சந்தை ஒன்றை நம்பி ஆறரை இலட்சம் ரூபாவை இழந்து நிற்கிறேன். என்னை ஏமாற்றிய அதே காணொளியோடு இன்று காலை வேறொரு குதிரை அங்கே விற்பனைக்கு வந்திருப்பதால், ஆத்திரம் ஆறுமுன்னரே இதை எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் தலைமுறையாகச் சவாரி மாடு வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. நுவரெலியாவில் ஓடிய குதிரை ஒன்றை வாங்கி மீண்டும் ஏப்ரல் பந்தயத்துக்குத் தயார்படுத்த எண்ணியிருந்தோம். விற்றவர் குதிரையின் குறையைத் தாமே முதலில் சொன்னார். வேகமாக ஓடும்போது மூச்சு உள்ளே இழுபடுகையில் இரைச்சல் கேட்டதென்றும், இடப்பக்கக் குரல்வளை செயலிழந்திருந்ததென்றும், இந்தியாவில் சத்திரசிகிச்சை செய்து அதைத் திருத்தியாயிற்று என்றும் விளக்கினார். குறையை மறைக்காத மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று யாருக்குத்தான் தோன்றாது? "அண்ணை, இதில கை வைச்சுப் பாருங்கோ, தைச்ச இடம் தட்டுப்படும்" என்று என் கையைப் பிடித்துக் குதிரையின் தாடைக்குக் கீழே வைத்தார். மூக்கு வழியாகக் கமராக் குழாய் விட்டுத் தொண்டையைப் படம்பிடித்த எண்டோஸ்கோப்பிக் காணொளியையும் காட்டினார். அன்றே ஆறரை இலட்சத்தையும் வங்கியில் இட்டேன்.

இங்கு வந்து முதன்முறை விரட்டி ஓட்டியபோதே, மர ஆலையில் வாள் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டது. விற்றவரிடம் கேட்டேன், புழுதி என்றார். பிறகு வன்னி வெயில் பழக்கமில்லை என்றார். பிறகு வைக்கோலை நனைத்துக் கொடுக்கச் சொன்னார். கடைசியில், "லொறியில் ஏற்றும்போது நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தவர், அதன்பின் எடுக்கவேயில்லை.

மிருக வைத்தியர் ஒருவரை வரவழைத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தோம். மூக்கைச் சற்று அடைத்து மூச்சை ஆழமாக இழுக்க வைத்தபோதும் குரல்வளையின் இடப்பக்கக் குருத்தெலும்பு திறக்கவில்லை. அந்தப் பக்கத்தை இயக்கும் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருநாடியைச் சுற்றி மீண்டும் தொண்டைக்கு ஏறுகிறது. அது பழுதானால் தசை தேய்கிறது, ஓட்டத்தில் குருத்தெலும்பு காற்றுப்பாதைக்குள் உறிஞ்சப்படுகிறது. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. இதற்கென 1970இல் விவரிக்கப்பட்ட சத்திரசிகிச்சையில், கழுத்தின் இடப்பக்கம் வெட்டி, அந்தக் குருத்தெலும்பை வலுவான நூலால் பின்னிழுத்துத் திறந்தபடியே நிறுத்துகிறார்கள். ஆகவே அது நன்றாக அமைந்த குதிரையில் இடப்பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். விற்றவர் தந்த காணொளியிலோ இரண்டு பக்கமும் சமமாகத் திறந்து மூடுகின்றன. அது சத்திரசிகிச்சையே தேவைப்படாத, நலமான வேறொரு குதிரையின் தொண்டை. எங்கள் குதிரையின் கழுத்தில் மயிரை மழித்துப் பார்த்தும் தழும்பு இல்லை. என் கைக்குத் தட்டுப்பட்டது வெறும் சுரப்பி.

இணையச் சந்தைக்கு எழுதினேன். விளம்பரத்துக்கு மட்டுமே இடம் கொடுப்பதாகவும், கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும், அந்த விளம்பரம் இப்போது தங்களிடம் இல்லை என்றும் பதில் வந்தது. இன்று காலை வந்த விளம்பரத்தின் படத்தை அனுப்பினேன். அதே பதில், எழுத்து மாறாமல். ஆறரை இலட்சம் ரூபாவுக்கு அவர்களிடமிருந்து கிடைத்தது அவ்வளவுதான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத இருந்தேன், இப்போது பொறுமையில்லை. சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் கடிதத்தைக் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் குதிரையை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, அருகில் நின்று கேளுங்கள். எங்கள் குதிரையின் நோயில் மூச்சை இழுக்கும்போதுதான் இரைச்சல் கேட்கும்; வாயின் பின்புறத்து மென்மையான அண்ணம் மேலெழுந்து பாதையை அடைக்கும் குதிரையோ மூச்சு வெளிவிடும்போது களகளக்கும். அது வேறு நோய், அதற்கு வேறு சிகிச்சை. உண்மையாகவே நூலிட்டு இழுத்த குதிரையென்றால், தின்னும்போது இருமுகிறதா, மூக்கால் தீனி வருகிறதா என்று பாருங்கள். குழாய் விட்டுப் பார்க்கும் வைத்தியர் நீங்கள் அழைத்துச் சென்றவராக இருக்கட்டும். விற்பவர் காட்டும் காணொளி எதையும் ஏற்காதீர்கள்.