காரைக்குடி வெயிலில் பூக்கும் என்று விற்ற வெங்காயம்

'மஞ்சள் அலங்கார வெங்காயம்' என்று ஆன்லைனில் கிழங்கு விற்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்கள் யாரும் பணம் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், 10 கிழங்குக்கு 650 ரூபாய்.

செடியின் பெயர் அல்லியம் மோலி. படத்தில் முக்கால் அடி உயரத்தில் மஞ்சள் நட்சத்திரங்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. "நம்ம ஊர் வெயிலுக்கு வருமா தம்பி?" என்று போனில் கேட்டேன். "காரைக்குடிக்கே நிறைய அனுப்பியிருக்கேன் ஆச்சி, வருஷம் முழுக்கப் பூக்கும்" என்றார். ஆச்சி என்று வேறு கூப்பிட்டுவிட்டாரா, நம்பிவிட்டேன்.

செம்மண்ணில் சரிபாதி ஆற்று மணல் கலந்து, நாலு விரல் ஆழத்தில் நட்டு, தொட்டிகளை வளவில் வைத்தேன். ஐப்பசி மழையில் ஏழு கிழங்கு கொழகொழவென்று அழுகிவிட்டது. மிச்சம் மூன்றும் அகலமாக இலை விட்டன. மாசி வரைக்கும் வெறும் இலைதான். பங்குனி வெயிலில் அதுவும் கருகியது.

அப்புறம்தான் விசாரித்தேன். இது ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் மலைப்பக்கத்துச் செடி. குளிருக்கு முன்னால் நட வேண்டும். இரண்டு மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழே மண்ணுக்குள் கிடந்தால்தான் கிழங்கில் பூக்குருத்து ஒழுங்காக வரும். வெயில்காலத் தொடக்கத்தில் பூத்து, இலை காய்ந்து, ஈரம் இல்லாத மண்ணில் தூங்கும். நமக்கோ மார்கழி விடியலிலேயே 20 டிகிரிதான். நட்ட கையோடு அடைமழை வேறு. நான் எவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும் பூத்திருக்காது. விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

கேட்டதற்கு "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க ஆச்சி" என்று பழியை என் மேல் போட்டார். விடாமல் சண்டை போட்டதில் வேறு கிழங்கு அனுப்பினார். புல் மாதிரி மெல்லிய இலை வந்தது. கசக்கி முகர்ந்தேன், வெங்காய வாடையே இல்லை. கோடைமழைக்கு ரோஸ் நிறத்தில் பூத்தபோதுதான் மழை லில்லி என்று தெரிந்தது. ஊரில் சும்மாவே கிடைப்பது!

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மழை லில்லிக் கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம். அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெங்காயம் என்று எழுதி வந்த பொட்டலம் என்பதால் எங்கள் வீட்டில் சமையலுக்கு உரிக்கவே எடுத்துவிட்டார்கள், நல்லவேளை நான் பார்த்தேன்.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. 650 ரூபாய் போனது போனதுதான். மழை லில்லி மட்டும் நேற்றைய மழைக்கு ஏழு பூ விட்டிருக்கிறது.