தூளிக்கு மேலே ஒரு கேமரா: மூன்று மாத அனுபவம்

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மாடியில் லேப்டாப், கீழே தூளியில் ஏழு மாதப் பையன், பக்கத்தில் அத்தை. அதற்காகத்தான் இரண்டு பக்கமும் பேசும் வசதியுள்ள இந்தக் கேமராவை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன்.

படம் தெளிவு. இருட்டில் கறுப்பு வெள்ளையில் தூளிச் சேலையின் பூ வரைக்கும் தெரிகிறது. ஆனால் மைக்தான் அபாரம். அத்தை என்னிடம் நேராகக் குறை சொல்ல மாட்டார், எல்லாம் பேரன் மூலம்தான். முன்பெல்லாம் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்துவார். இப்போது தூளியை ஆட்டிக்கொண்டே, "ஏஞ்சாமி, உங்கம்மா இன்னைக்கும் பதினோரு மணிக்குத்தான் சாப்பிடுவாளாமா?" என்று முணுமுணுத்தாலும் மாடிக்கு வந்துவிடுகிறது.

நானும் பட்டனை அழுத்தி, "தங்கம், பிரஷர் மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்குன்னு அப்பத்தாகிட்ட சொல்லு" என்பேன். அத்தை கேமரா பக்கமே திரும்பாமல், "போட்டாச்சுன்னு சொல்லிரு" என்பார், பையனிடம்.

குறைகள் உண்டு. குரல் இரண்டு நொடி தாமதமாகப் போகிறது, சண்டைக்கு லாயக்கில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். மெமரி கார்டு தனிச்செலவு. பேட்டரி இல்லாததால் கரண்ட் போனால் அவ்வளவுதான். போன வாரம் அப்படித்தான் போனது. அத்தை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார்: "அம்மாவை டீ குடிக்க வரச்சொல்லு சாமி."

ஐந்துக்கு நான்கு.