பெனிசிலினோடு சேர்க்க ஜென்டாமைசினா, அமிகாசினா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு இரண்டு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துப் பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது ஆம்பிசிலின் (ஒரு பெனிசிலின் வகை), ஜென்டாமைசின் ஜோடிதான். ஆம்பிசிலின் என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைக்கும்; அந்த வழியில் ஜென்டாமைசின் உள்ளே போய், புரதம் செய்யும் ரைபோசோமைப் பிடிக்கும். நல்ல கூட்டணி.

ஆனால் இரண்டையும் ஒரே ட்யூபில் ஊற்றி வைத்தால் கதையே வேறு. ஜென்டாமைசினின் அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி), பெனிசிலினின் முக்கியப் பகுதியான பீட்டா-லாக்டம் வளையத்தைத் தாக்க, வளையம் திறந்து இரண்டும் அமைடாக ஒட்டிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு அந்த மூலக்கூறு கிருமியைக் கொல்லாது. பெரும்பாலும் நிறம் மாறாது, கலங்காது. பார்த்தால் நல்ல மருந்து போலவே இருக்கும். அடர்த்தி, வெப்பம், நேரம் மூன்றும் கூடக் கூட இழப்பும் கூடும். சித்திரை வெயிலில் கரண்ட் போன லேபில், அடர்த்தியான ஸ்டாக்கை (முன்கூட்டியே கரைத்து வைத்த மருந்தை) கலந்து மேசையில் விடுவதுதான் மிக மோசமான வழி.

இங்கே ஜென்டாமைசினின் இனத்தைச் சேர்ந்த அமிகாசின் தாக்குப்பிடிக்கும். அதே இனத்து கனமைசினிலிருந்து செய்யப்பட்ட அதில், ஓர் அமீனோடு நீண்ட பக்கச் சங்கிலி கோத்திருக்கிறது. பெனிசிலினோடு வைத்தால் ஜென்டாமைசினும் அதே இனத்து டோப்ராமைசினும் வீரியம் இழக்கும் அளவுக்கு அது இழப்பதில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு, இன்னொரு பெனிசிலின் வகையான பிப்பராசிலினோடு சேர்க்க என் தேர்வு அமிகாசின்தான்.

என்டரோகாக்கஸ் என்றால் அப்படிச் சொல்ல மாட்டேன். அமிகாசினில் பாஸ்பேட்டை ஒட்டி அதை முடக்கும் நொதி பல என்டரோகாக்கஸ் வகைகளில் உண்டு; கூட்டு பலன் அங்கே கிடைக்காது. ஜென்டாமைசினையே எடுங்கள், ஸ்டாக்குகளைத் தனித்தனியாக ஐஸில் வைத்து, ப்ளேட்டில் ஊற்றும்போது மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

இரண்டு மருந்தையும் பல அளவுகளில் கட்டம் கட்டமாகச் சேர்த்துப் பார்க்கும் செக்கர்போர்டு சோதனையில், கூட்டின் பலனை அளக்கும் எஃப்ஐசி குறியீடு 0.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் கூட்டு பலன், 4-ஐத் தாண்டினால் ஒன்றின் பலனை மற்றது கெடுக்கிறது. ஸ்டாக்கிலேயே ஜென்டாமைசின் செத்திருந்தால் அந்தக் குறியீடு கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கென ஒரு கன்ட்ரோல் கட்டாயம் வேண்டும்: கிருமி சேர்க்காத கலவையை 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, பெனிசிலினை உடைக்கும் பெனிசிலினேஸ் நொதியைச் சேர்த்து ஆம்பிசிலினை அழித்துவிட்டு, மீதியை ஒரு காகித டிஸ்க்கில் ஊறவைத்து, பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியா பூசிய ப்ளேட்டில் வையுங்கள். பக்கத்திலேயே புதிதாகக் கரைத்த ஜென்டாமைசின் டிஸ்க் ஒன்று. டிஸ்க்குகளைச் சுற்றிக் கிருமி வளராத இரண்டு வட்டத்தின் விட்டத்தையும் ஸ்கேலில் அளந்தால் ஜென்டாமைசின் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.